நல்லதம்பிக்கு வந்த கடிதங்களும் றீற்றா அக்காவும்

சனிக்கிழமை பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் முருங்கைக்காய் பார்த்துக்கொண்டு நின்றபோது கடைக்காரர்தான் சொன்னார். "றீற்றா அக்கா காலமை மோசம் போயிட்டா, தெரியுமே?" கையில் இருந்ததைப் போட்டுவிட்டு அவர் வீட்டுக்கு ரெயிலேறிவிட்டேன். சாவுச் செய்தி கேட்டு முதலில் வந்தது கோபம்தான். உடம்புக்கு வருத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லாமலா போவது?

பாரிசை அடுத்த சென் தெனியில் ஓர் அலுவலகக் கட்டடத்தை அவரும் நானும் பதினொரு வருடம் சேர்ந்து துப்புரவு செய்தோம். அக்கா மன்னார்க்காரர். அவரை அறியாதவர்களுக்குச் சொல்வதானால், பயம் அவரிடம் மருந்துக்கும் கிடையாது. பிரெஞ்சு இலக்கணமும் அப்படித்தான்.

நாங்கள் வீடு வாங்க அலைந்தபோது துணைக்கு வந்தார். பாரிசுக்குள் வீடு கேட்டால், ஏஜென்சிக்காரர் புறநகரான லெ பிளாங்-மெனிலில் ஒரே கட்டடத்தையே திரும்பத் திரும்பக் காட்டினார். உங்கள் ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்றார். "எங்கட ஆக்கள் இல்லாத இடத்திலை வீடு இல்லையோ எண்டு கேளன், பிள்ளை" என்றார் அக்கா. நான் விலையை மட்டும் கேட்டேன். அந்த வீட்டையே வாங்கினோம்.

பிறகு என் கணவர் குகதாசனுக்கு வேலை போய், வங்கித் தவணை பிந்தியது. வங்கியின் பதிவுத் தபால்கள் எங்கள் கைக்கு வரவேயில்லை. பிரெஞ்சுப் பத்திரங்களில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிவிடும். கடிதங்கள் "முசியே நல்லதம்பி"க்கு வந்தன. தபால்பெட்டியில் ஒட்டியிருந்த பெயரோ குகதாசன். "அப்பான்ரை பேரை ஏன் என்ரை பெட்டியிலை ஒட்டோணும்?" என்பார் இவர். தபால்காரர் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார். கடைசியில் நீதிமன்ற ஆள் நேரில் கொண்டுவந்து தந்த தாளை இவர், எங்கள் மகள் வாசித்துவிடுவாளோ என்று அலுமாரியில் ஒளித்தும் வைத்துவிட்டார். நான் அதைக் கண்டெடுத்து வேலைக்குக் கொண்டுபோனேன்.

வாசித்த அக்கா கையுறையைக் கழற்றினார். "வீட்டை ஏலத்திலை விடப் போறாங்கள், பிள்ளை. விசாரணை நாளைக்குக் காலமை."

மறுநாள் நீதிமன்றத்துக்கு அவரும் வந்தார். அதே வங்கியில் கடன் வாங்கிய எங்கள் கீழ்வீட்டு மதாமின் கதையை வழியில் அவருக்குச் சொன்னேன். கடிதங்கள் நான்கும் திரும்பிவிட்டன, தன் பெயரே தெரியாதவருக்கு நாங்கள் என்ன செய்வது என்றார் வங்கி வக்கீல். பின்னால் யாரோ சிரித்தார்கள். என் கணவர் தலை குனிந்தார். அக்கா எழுந்துவிட்டார். நீதிபதி உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தன் உடைந்த பிரெஞ்சில் அவர் கேட்டது இது: "அவருக்குத் தன் பெயரும் தெரியும், தகப்பன் பெயரும் தெரியும். கீழ்வீட்டு வெள்ளைக்கார மதாமும் தவணை பிந்தினார். அவருக்கு ஃபோன் பண்ணித் தவணையை மாற்றிக் கொடுத்தீர்கள். இவருடைய நம்பரும் உங்களிடம் இருக்கிறது. ஏன் பண்ணவில்லை?"

ஃபோன் பண்ணினீர்களா என்று நீதிபதி வக்கீலிடம் கேட்டார். வக்கீல் கோப்பைப் புரட்டினார், புரட்டிக்கொண்டேயிருந்தார். விசாரணை இரண்டு மாதம் தள்ளிப்போனது. அதற்குள் வங்கி எங்களுக்கும் தவணையை மாற்றித் தந்தது.

வெளியே வந்து நான் விம்மி விம்மி அழுதேன். "அழுகிறதை வீட்டிலை போய் அழு. எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு அக்கா திரும்பிப் பாராமல் நடந்தார்.

இன்று உங்கள் அடக்கத்துக்கு நேரத்தோடே புறப்பட்டேன், அக்கா. கதவைப் பூட்டினேன், சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தேன். அது இன்னும் எங்கள் வீட்டுக் கதவுதான். நீங்கள் போய் வாருங்கள்.