பெட்டிக்கார ராஜேந்திரனும் ஒற்றைக்கண் துப்பறிவாளனும்

புதுப்பட்டினத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் சொந்தக்காரர்களுக்குப் போன் போவதற்கு முன்னால் பெட்டிக்கார ராஜேந்திரனுக்குப் போய்விடும். பிணம் கெடாமல் வைக்கிற குளிர்பெட்டியை அந்தக் கடற்கரைக்கு முதன்முதலில் கொண்டுவந்தவர் அவர்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அறுப்புக் கூலிக்குப் போனார், பாடை தூக்கினார், வேன் ஓட்டினார். இன்றைக்கு வாசலில் சொந்த வேன் நிற்கிறது, ஷெட்டில் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. யார் கையையும் பிடித்து மேலே வந்தவரில்லை.

எழவு வீட்டுக்குப் போய்த் திரும்பினால் ராஜேந்திரன் நேராக வீட்டுக்குள் வரமாட்டார். பின்பக்கக் குழாயடியில் உட்காருவார். மனைவி வரலட்சுமி தலையில் தண்ணீர் ஊற்றுவாள். ஊற்ற ஊற்ற அவர் அங்கே நடந்ததைச் சொல்லுவார். எந்த மருமகள் மூக்கை மட்டும் சிந்தினாள், எந்தத் தம்பி பிணத்தை எடுக்கும் முன்பே நிலத்தைப் பற்றிப் பேசினான், எல்லாம் வரும். வரலட்சுமி சொம்பைப் பாதியில் நிறுத்தி, "அய்ய, அப்பறம்?" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். ஊரே அவர் வாயைப் பார்த்துக் கதை கேட்கும். ஆனால் அந்த "அப்பறம்" இல்லாவிட்டால் குளித்த மாதிரியே அவருக்கு இருக்காது.

அதற்குத்தான் வேட்டு வைத்தான் ஒருவன். ஜப்பான்காரன். அதுவும் உயிருள்ள ஆள்கூட இல்லை, டிவியில் தமிழ் பேசுகிற பொம்மைப்படத் தொடரில் வருகிற துப்பறிவாளன். பேர் தோகிவா. நரைத்த தலை, முழங்கால் வரை கறுப்புக் கோட்டு, ஒரு கண்ணை மூடி மந்திரம் எழுதிய காகிதம். செத்தவன் பக்கத்தில் லாந்தரை வைப்பான். ஆவி எழுந்து உட்கார்ந்து, தன்னை யார் கொன்றார்கள் என்று சொல்லும். பக்கத்து வீட்டுப் பிரிசில்லாதான் முதலில் போட்டுக் காட்டினாளாம். அன்றிலிருந்து சாயங்காலமானால் வரலட்சுமி டிவியை விட்டு அசைவதில்லை.

ஒருநாள் குழாயடியில் உட்கார்ந்து ராஜேந்திரன் குரல் கொடுத்தார்.

"பக்கெட்ல ரொப்பி வச்சிகீறேன், நீயே ஊத்திக்கய்யா," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "தோகிவா கெணத்துல எறங்கிகினு கீறாரு!"

கீறாராம். கட்டிய புருஷனுக்கு 'நீ', காகிதக் கண்ணனுக்கு 'ரு'. அவருக்கு வயிறு எரிந்தது. தானே ஊற்றிக்கொண்ட தண்ணீர் அந்த எரிச்சலை அணைக்கவில்லை.

ஈரத் துண்டோடு போய் டிவி முன்னால் நின்றார். "இவன் என்னிக்காச்சும் ஒரு பொணத்த தூக்கிகீறானா?"

"தூக்கறதுக்கு அவரு இன்னா கூலிக்காரரா? மறைக்காத, நவுரு."

அந்த வார்த்தை ராஜேந்திரனுக்குச் சுருக்கென்று தைத்தது. தூக்கித் தூக்கித்தான் இந்த வீட்டையே கட்டினார். அவள் உட்கார்ந்திருக்கிற சோபாவும் அதில் வந்ததுதான்.

அடுத்த வாரம் நெம்மேலியில் ஒரு சாவு. மீன் ஏலம் விடுகிற காசிநாதன் போய்விட்டார். அடக்கம் முடிந்ததும் ராஜேந்திரன் பெட்டியை எடுத்துவரப் போனார். திரும்பும்போது வேனிலேயே ஒரு முடிவு செய்துவிட்டார். குழாயடியில் உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"வரலட்சுமி! பொட்டிக்குள்ள இருந்து தட்டுச்சிடி!"

டிவி சத்தம் பட்டென்று நின்றது. சொம்போடு ஓடிவந்தாள். தலையில் தண்ணீர் விழுந்தது. ராஜேந்திரனுக்குக் குளிர்ந்த குளிர்ச்சி கடல்காற்றிலும் கிடைக்காதது.

"இன்னாய்யா சொல்ற? தலமாட்லயா, கால்மாட்லயா?"

"தலமாட்ல. டொக்கு டொக்குன்னு."

"கரண்ட் இருந்துச்சா?"

"வயர புடுங்கிட்டேன். வேன்ல ஏத்திகினு இருக்கேன், அப்பதான் தட்டுச்சி."

சொம்பு அந்தரத்தில் நின்றது. "ஏன்யா, பொட்டிய போடப் போனியா, எடுக்கப் போனியா?"

"எடுக்கத்தான்."

"அப்ப அந்த ஆள பொதச்சிட்டாங்கோ. காலிப் பொட்டிக்குள்ள எவன் குந்திகினு தட்டனான்?"

ராஜேந்திரன் சோப்பைத் தேடுகிற மாதிரி குனிந்தார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு கேள்வியில் அவர் மாட்டியதே இல்லை. அந்தக் குறுக்குக் கேள்வியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் அந்த ஒற்றைக்கண்ணன்தான்.

"எதுக்குய்யா புளுகன?"

"பின்ன? அவன் புளுவனா மட்டும் வாயப் பொளந்துகினு கேக்கற! நான் நெஜமா பொணத்தோட பொழங்கறவன். எனக்கு மட்டும் பக்கெட்டு!"

வரலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ஒரு சொம்பு ஊற்றினாள். "சரி, புளுவாம சொல்லு. அங்க இன்னாதான் ஆச்சி?"

"ஒண்ணும் ஆவல. அந்தப் பொம்பள பொட்டிய எடுக்க உடல."

"யாரு? காசிநாதன் பொண்டாட்டியா?"

"ஆமா. ஆளு போயாச்சி, பொட்டி காலி. வயர புடுங்கப் போனேன், கையப் புடிச்சிகிச்சி. 'அண்ணாத்த, கொஞ்ச நேரம் ஓடட்டும். ராவெல்லாம் அந்த ர்ருங்குற சத்தம் அவரு பக்கத்துல இருந்துச்சி. அதயும் நிறுத்திட்டா வூட்ல ஒண்ணுமே இல்லாத மாரி ஆயிடும்'னுச்சி."

"நீ இன்னா பண்ண?"

"இன்னா பண்றது? காலிப் பொட்டிய ஓட உட்டுட்டு வாசல்ல குந்திகினு இருந்தேன். பொழுது சாயற நேரத்துல அதுவே வந்து வயர புடுங்கி என் கைல குடுத்துச்சி."

வரலட்சுமி ஊற்றுவதை மறந்து நின்றாள். "அய்ய..." என்றாள். சொம்பைப் பக்கெட்டில் முக்கிக்கொண்டே, "அப்பறம்?"

அப்புறம் சொல்ல எதுவும் இல்லை. இருந்தாலும் ராஜேந்திரன் பெட்டியைத் தூக்கிய விதம், வேன் திரும்பிய முனை, வழியில் குறுக்கே வந்த மாடு எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னார். பக்கெட் காலியாகும் வரை சொன்னார்.

தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போனால், டிவியில் தோகிவா இந்த வாரம் வேறொரு கிணற்றுப் படியில் ஒரு காலைத் தூக்கியபடி உறைந்து நின்றான். அவனை அப்படி நிற்கவைத்துவிட்டுத்தான் அவள் ஓடிவந்திருந்தாள். ராஜேந்திரன் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"வரலட்சுமி, இத்தினி எழவு வூட்டுக்குப் போறானே. ஒருநாளாச்சும் தல முழுவிட்டு வூட்டுக்குள்ள போயிகீறானா?"

அவள் யோசித்தாள். "இல்லய்யா. அப்பிடியே அந்தக் கோட்டோட போயி சோறு துன்றாரு."

"துன்றாரா?"

"துன்றான்," என்றாள் வரலட்சுமி.

ராஜேந்திரன் சோபாவின் நடுவில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தார். "இப்ப போடு. எறங்கட்டும்."