சோற்றுப் பானைக்குப் பிணை நின்ற கதை

அந்தப் புத்தகத்தைக் கழிவுப் பட்டியலில் எழுதியவன் நான்தான். முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

பசறை போகும் வழியில் ஒரு சிறிய நூலகத்தில் உதவியாளராக இருந்தேன். வருடக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு புத்தகத்தின் கடைசித் தாளையும் பார்ப்போம். இரவல் போன தேதி முத்திரை நெடுநாளாக விழவில்லையென்றால் கழிவு. அந்தக் கிராபிக் நாவலில் ஒரு முத்திரைகூட இல்லை. பெட்டியில் போட்டேன்.

மறுநாள் ஞாயிறு. தேயிலைக் கொழுந்து பறிக்கும் செல்வமணி, வழக்கம்போலச் சாமான் பையோடு பஸ் வரும்வரை வாசிக்க வந்தாள். புத்தக ராக்கையில் தேடிவிட்டு என்னிடம் வந்தாள்.

"சேர், அந்தச் சோத்துப் பானை புக்கு எங்கங்க? பானை பஸ்ஸுல ஏறிருச்சு, கண்டக்டர் டிக்கெட் கேக்குறான். அதோட நிக்குது."

பெட்டியிலிருந்து எடுத்து அன்றுதான் திறந்து பார்த்தேன். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் தண்ணீருக்குப் பைப்படியில் வரிசையில் நிற்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், சமைக்கிறார்கள். ஒரு காலையில் சோற்றுப் பானை உருண்டு ஓடிவிடுகிறது. துரத்துகிறார்கள். பானை பஸ் ஏறுகிறது, தேர்தலில் நிற்கிறது. நின்றபடியே வாய்விட்டுச் சிரித்தேன்.

அப்புறம்தான் கண்ணில் பட்டது. பக்க மூலைகளெல்லாம் கறுத்திருந்தன. கொழுந்துச் சாறு ஊறிய விரல்களின் கறை. ஒருத்தியுடையது மட்டும் இல்லை, பலருடையது.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்கலாமே?"

"மெம்பராக, சோலைவரி, அதான் வீட்டு வரி, கட்டுற ஆளு பிணை நிக்கணும்னு நீங்கதான சொன்னீங்க? நாங்க குடியிருக்கிற லயமே தோட்டத்தோடது. எங்கள்ல யாருங்க வரி கட்டுறா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. எத்தனை பேரிடம் அதே பதிலைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்! இந்தப் புத்தகம் இங்கிருந்து போகக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

நூலகர் மிஸ்ஸிடம் சொன்னேன்; அவர் அசையவில்லை. "கழிவு ஏத்த நாளைக்கு லொறி வருது. முத்திரை இல்லாத புத்தகத்த என்னன்னு சொல்லி நிப்பாட்டுறது?"

"முத்திரை இப்ப விழும் மிஸ். நான் சோலைவரி கட்டுறவன். நானே பிணை."

"தொலைஞ்சா உங்க தலையிலதான் விழும்."

"விழட்டும்."

அவளுடைய உறுப்பினர் படிவத்தில் கையெழுத்திட்டு, மேசை அதிர முத்திரையைக் குத்தினேன். மிஸ் கழிவுப் பட்டியலில் அந்த வரியை வெட்டினார். செல்வமணி புத்தகத்தைச் சாமான் பையில் அரிசிக்கு மேலே பத்திரமாக வைத்துக்கொண்டு போனாள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கடைசித் தாளை மட்டும் பார்த்துப் புத்தகத்தைக் கழிக்காதீர்கள். பக்க மூலைகளையும் பாருங்கள். உள்ளே உட்கார்ந்து வாசிப்பவர் ஏன் வெளியே எடுத்துப் போவதில்லை என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது பெரிய தப்பு.

இரண்டு வாரம் கழித்து, சொன்ன தேதியில் செல்வமணி வந்தாள். பின்னால் நான்கு பெண்கள், ஆளுக்கொரு படிவத்தோடு.

"பானை கடைசியில என்னாச்சு?" என்று ஆவலாகக் கேட்டேன்.

"இவங்க இன்னும் படிக்கல, சொல்ல மாட்டேன். நீங்க கையெழுத்தப் போடுங்க சேர்."