உம் கொட்டும் வீடு

அந்தக் கட்டிடத்தில் எல்லாரும் அவனை லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஊரில் எந்த உயரமான கட்டிடத்தில் லிஃப்ட் மக்கர் பண்ணினாலும் போய்ச் சரி பார்ப்பது அவன் பிழைப்பு. குடியிருந்ததோ லிஃப்டே இல்லாத பழைய கட்டிடத்தின் மூன்றாவது மாடியில். "என்ன லிஃப்ட்காரரே, இன்னிக்கும் படிதானா?" என்று கீழ்வீட்டுக்காரர் கேட்பார். குடிவந்த புதிதில் இதற்கு அவன் சிரித்தான். குழந்தை பிறந்த பிறகுதான், சிரிப்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும் என்று தெரிந்தது.

குழந்தை பெண். நல்ல பெயராகத்தான் பார்த்து வைத்தார்கள். ஆனால் வீட்டில் அது முதலாளியம்மா என்றே ஆகிப்போனது. நினைத்த நேரத்துக்கு எழுப்பும், நினைத்ததற்கெல்லாம் சத்தம் போடும், லீவு தராது, ஏன் எதற்கு என்றும் சொல்லாது. அப்படிப்பட்டவரை வேறு என்னவென்று கூப்பிடுவது?

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. காலையில் போய் மதியம் திரும்புவாள். அவள் வந்ததும் இவன் கிளம்புவான். ஒத்தாசைக்கு வந்து இருக்க இரண்டு பக்கத்திலும் ஆளில்லை என்பதால், ஆளுக்கு ஒரு வேளை குழந்தையைப் பார்ப்பது என்று ஏற்பாடு. கேட்க அழகான ஏற்பாடுதான். கேட்டவர்களெல்லாம் "பரவாயில்லையே" என்றார்கள். பரவாயில்லையே என்றவர்களில் ஒருவராவது வந்து ஒரு மத்தியானம் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டாரா என்று கேட்டால் அதுதான் இல்லை.

இப்படியே போனதில், கல்யாணம் ஆன இரண்டு பேர் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளும் இரண்டு பேராக ஆகிவிட்டார்கள். வீட்டில் பேச்சு என்பது இப்படித்தான் இருந்தது.

"பால் குடிச்சாச்சு."

"ம்."

"வெளிக்குப் போகல."

"ம்."

"துணி மாடியில காயுது."

"ம்."

கதை கேட்கிறவர்கள் உம் கொட்டினால் சொல்கிறவர்களுக்கு உற்சாகம் வரும் என்பார்கள். இங்கே கதையும் இல்லை, உற்சாகமும் இல்லை, உம் மட்டும் மிச்சம் இருந்தது. சின்ன 'ம்' என்றால் சரி. இழுத்த 'ம்' என்றால் கேட்டுவிட்டது, திரும்பச் சொல்லி உயிரை வாங்காதே. மூக்கால் விட்ட 'ம்' என்றால் இதையும் நானே செய்யணுமா. இத்தனை நுணுக்கம் தெரிந்துவிட்டதால், தங்களுக்குள் நல்ல புரிதல் என்று இருவரும் நம்பினார்கள். அசதியில் மனிதர்கள் எதையும் நம்புவார்கள்.

மருந்துக்கடை என்றால் இருமலும் தும்மலும் சளியும் நின்று போகிற இடம். அதனால் அவள் வந்ததும் தன் சாவியால் கதவைத் திறந்து, நேரே பாத்ரூமுக்குப் போய்க் கை கால் முகம் கழுவி, துணி மாற்றின பிறகுதான் குழந்தையைத் தொடுவாள். இவன் அறைக்குள் முதலாளியம்மாவைத் தட்டிக்கொண்டு படுத்திருப்பான். குழாய்ச் சத்தம் கேட்கும். எழுந்து பையை மாட்டிக்கொண்டு, "நான் கிளம்பறேன்" என்பான். பாத்ரூமுக்குள்ளிருந்து "ம்" வரும். வாசல் கதவை இழுத்துச் சாத்தினால் அதுவே பூட்டிக்கொள்ளும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே போன நாட்கள்தான் அதிகம்.

அன்றைக்குக் காலை முழுக்க முதலாளியம்மா ஒரே ரகளை. தோளில் போட்டால் இறக்கு என்றது, இறக்கினால் தூக்கு என்றது. குப்புறப் புரளக் கற்றுக்கொண்ட புதிசு வேறு. படுக்கையில் விட்டால் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று உருண்டு ஓரத்துக்கு வந்துவிடும். கடைசியில் அழுது ஓய்ந்து தூங்கியது. பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்த இவனும் கண்ணயர்ந்துவிட்டான்.

திடுக்கென்று விழித்துப் பார்த்தால் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அப்பாடா, வந்துவிட்டாள். குழந்தையைச் சுற்றித் தலையணைகளால் அணை கட்டினான். பூனை போல அறையை விட்டு வந்தான். பாத்ரூம் கதவு எப்போதும் போலச் சாத்தியிருந்தது.

"நான் கிளம்பறேன்."

"ம்."

சின்ன 'ம்'. சரி என்று அர்த்தம். வாசலில் அவள் செருப்பு இல்லை என்பதைக் கண் பார்த்தது; மூளைதான் பார்க்கவில்லை. கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்திவிட்டு அரக்கப் பரக்க இறங்கிப் போனான்.

அன்றைய வேலை ஒரு பெரிய ஜவுளிக்கடையில். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்று நின்று போகிறதாம். இவன் லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கினான். கூட்டாளி லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி நின்றார். கூட்டாளி இவனைவிட வயதில் மூத்தவர். தலையில் முடி இல்லாததால் மொட்டையண்ணன். இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. கீழே இருப்பவன் சொன்னதை மேலே இருப்பவன் முழு வாக்கியமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பெட்டி அசையலாம். வார்த்தை பிசகினால் குழியில் நிற்பவன் சட்னி. இந்தச் சட்டத்தில் நம் லிஃப்ட்காரன் ரொம்பக் கறார்.

"அண்ணே, பெட்டியை மேலே எடுங்க."

மேலே டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்த மொட்டையண்ணன், "ம்" என்றார்.

இவனுக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னண்ணே இது? ம்னா என்ன அர்த்தம்? எடுக்கறேன்னா, இருன்னா? கீழே நிக்கறவனுக்கு யாரு சொல்றாங்கன்னே தெரியாது. வாயைத் திறந்து சொல்லுங்க!"

யாரு சொல்றாங்கன்னே தெரியாது. சொல்லி முடித்த வாய் மூடவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்பது அந்தக் குழிக்குள் அவனுக்கு உறைத்தது. வீட்டில் 'ம்' சொன்னது யார்? அவள் குரலா அது? தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கிற ஒரு 'ம்' ஆணா பெண்ணா என்றே தெரியாதே. அப்போதுதான் வாசலில் இல்லாத செருப்பு அவன் கண்முன் வந்து நின்றது.

"அண்ணே, எதையும் தொடாதீங்க. நான் வெளியே வர்றேன்."

போனைப் போட்டான். மணி போய்க்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. எடுக்க மாட்டாள்; குழந்தை விழித்துவிடும் என்று இரண்டு பேர் போனும் எப்போதும் சத்தமில்லாமல்தான் கிடக்கும். மருந்துக்கடைக்குப் போட்டான். "அவங்க அப்பவே கிளம்பிட்டாங்களே சார்" என்றார்கள். அப்பவே கிளம்பினால் அப்பவே வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் செருப்பு எங்கே?

"வீட்ல குழந்தை தனியா இருக்குன்னு நினைக்கறேன்."

"நினைக்கறியா?" என்றார் மொட்டையண்ணன். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். "போ, போ. நான் பார்த்துக்கறேன், போ."

வண்டியை எப்படி ஓட்டினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. சிக்னலில் நின்றபோது, கட்டிலின் ஓரமும் சிமெண்டுத் தரையும் மாறி மாறித் தெரிந்தன. தலையணைகளை எப்படி வைத்தோம் என்று யோசித்தான். ஒன்று மெத்தென்று இருக்கும், அதில் முகம் புதைந்தால்? அதற்கு மேல் யோசிக்க முடியாமல் ஹாரனை அமுக்கினான். முன்னால் நின்றவர் திரும்பித் திட்டினார்.

மூன்று மாடியையும் ஓடியே ஏறினான். அழுகைச் சத்தம் வரவில்லை. கேட்டிருந்தால் பயம், கேட்காதது அதைவிடப் பயம். சாவி துவாரத்தில் ஏறுவேனா என்றது.

கதவு திறந்தது. வாசலுக்கு நேரே தெரிந்த அறையில் அவள் கட்டிலில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். தோளில் பை, காலில் செருப்பு. மடியில் முதலாளியம்மா, முகமெல்லாம் சிவந்து வீங்கி, தூக்கத்திலும் விசும்பிக்கொண்டிருந்தது. போன உயிர் திரும்பியதில் அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"ஓரத்துல கிடந்தா. ஒரு காலு வெளியே தொங்குது. குரலே வரல, அழுது அழுது. எப்படிங்க விட்டுட்டுப் போக மனசு வந்துச்சு?"

"நீ வந்துட்டேன்னு நினைச்சேன். பாத்ரூம்ல தண்ணி ஓடுச்சு. கிளம்பறேன்னு சொன்னேன், நீ ம்னு சொன்னே."

"நானா? நான் வீட்லயே இல்லையே!"

"சத்தியமா ஒரு ம் வந்துச்சு."

"சுவரா சொல்லுச்சு?"

கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் நடந்ததும் அதுவேதான். திறந்திருந்த கதவில் அடுத்த வீட்டு டீச்சரம்மா வந்து நின்றார், தலையில் ஈரத் துண்டோடு. அவர் வீட்டுப் பாத்ரூமும் இவர்கள் பாத்ரூமும் ஒரே சுவர்; மேலே காற்றுக்கு விட்ட ஒரே ஓட்டை.

"தம்பி, மத்தியானம் கிளம்பறேன்னு சொன்னது நீங்களா? நான் எங்க வீட்டுக்காரர்னு நினைச்சு ம் போட்டுட்டேன். குளிச்சிட்டு வந்து பார்த்தா மனுஷன் நாற்காலியில தூங்கறார். அப்ப கிளம்பினது யாருன்னு இவ்வளவு நேரமா யோசிச்சிட்டு இருந்தேன்." பிறகு குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "அழுகை கேட்டுச்சும்மா. எப்பவும் அழறதுதானேன்னு இருந்துட்டேன். ஒரு எட்டு வந்து பார்த்திருக்கணும்."

தப்பு தன்மேல் மட்டும் இல்லை என்று தெரிந்ததும் மனிதனுக்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்துவிடுகிறது. டீச்சரம்மா போனதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"கடைக்குப் போன் பண்ணேன். நீ அப்பவே கிளம்பிட்டேன்னாங்க. இவ்வளவு நேரம் எங்க இருந்தே?"

கேட்ட உடனே ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது. அவள் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"பஸ் வந்துச்சு. நான் ஏறல."

"ஏன், கூட்டமா?"

"கூட்டமெல்லாம் இல்ல. காலியாத்தான் வந்துச்சு. ஸ்டாப்ல பெஞ்சு இருக்குல்ல, அதுல உக்காந்தேன். எந்திரிக்கத் தோணல. அடுத்த பஸ்ஸும் வந்துச்சு, அதுலயும் ஏறல. நீங்கதான் வீட்ல இருக்கீங்களே, பார்த்துப்பீங்கன்னு நினைச்சேன். உங்களுக்கு லேட்டாகும்னும் தெரியும். தெரிஞ்சேதான் உக்காந்திருந்தேன்." மூச்சு விட்டாள். "யாரும் என்னைத் தொடாம, யாரும் என்னைக் கூப்பிடாம, கொஞ்ச நேரம். அவ்வளவுதான். பெத்தவ பண்ற காரியமா இது? நான் அங்க சுகமா உக்காந்திருக்கேன், இவ இங்க தொண்டை கிழியக் கத்தியிருக்கா."

அவனுக்கு 'ம்' என்று வாய்வரை வந்தது. விழுங்கினான்.

கோபம்தான் வந்திருக்க வேண்டும், முறைப்படி. வரவில்லை. அவன் மட்டும் என்ன யோக்கியம்? லிஃப்ட் குழி இருட்டும் கிரீஸும் எலிப் புழுக்கையுமாகக் கிடக்கும். ஆனால் அதற்குள் இறங்கியதும் இங்கே யாரும் அழ மாட்டார்கள் என்று ஒரு நிம்மதி அவனுக்குள்ளும் பரவும். வேலை முடிந்த பிறகும் ஒரு போல்ட்டை இன்னொரு தடவை முடுக்கிப் பார்த்து நேரம் கடத்தியிருக்கிறான். அதற்குச் சம்பளம் வேறு கொடுத்தார்கள். அவளுக்கு ஒளிந்துகொள்ளக் குழியும் இல்லை, பஸ் ஸ்டாப் பெஞ்சுதான் கிடைத்தது. இத்தனை மாதமும் இவள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர்ச் சத்தத்திடமே சொல்லிக்கொண்டு போனோமே என்று அவனுக்கு அழுகை வந்தது.

நகர்ந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தோளிலிருந்த பையைக் கழற்றித் தரையில் வைத்தான்.

"நாளைக்கும் ஏறாதே" என்றான்.

அவள் புரியாமல் பார்த்தாள்.

"நாளைக்கும் பஸ் வந்தா ஏறாதே. உக்காரு. ஆனா எங்கிட்ட சொல்லிட்டு உக்காரு. லேட்டா வர்றேன்னு நான் அண்ணன்கிட்ட சொல்லிக்கறேன். அவர் திட்டுவார், திட்டட்டும்."

முதலாளியம்மா ஒரு விசும்பு விசும்பிவிட்டு மறுபடி தூங்கியது. இரண்டு பேருக்கும் எழுந்து கதவைச் சாத்தக்கூடத் தெம்பில்லை. படியில் யாரோ ஏறிப் போகிற சத்தம் கேட்டது.

"அந்தப் பெஞ்சுல மத்தியானம் நல்லா நிழல் விழும்" என்றாள் அவள்.

குழந்தை பிறந்த பிறகு, குழந்தையைப் பற்றி இல்லாமல் அவள் அவனிடம் சொன்ன முதல் பேச்சு அதுதான்.