ராவுத்தர் காத்த கறுப்புப் பை

கோயம்புத்தூரில் குண்டுகள் வெடித்த வருடம், திண்டுக்கல் வியாபாரிகள் பயங்கரவாதத்தை எதிர்கொள்ளத் தயாரானார்கள். நகைக்கடை ஒன்றின் வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலாளி நின்றார். தோட்டா உண்டா என்று கேட்டேன். "அது எதுக்கு சார், வெடிச்சுத் தொலைச்சா?" என்றார். சினிமா தியேட்டரில் பைகளைத் துருவித் துருவிச் சோதித்து முறுக்குப் பொட்டலங்களைப் பறிமுதல் செய்தார்கள். இடைவேளையில் அவர்களுடைய முறுக்கு விற்றாக வேண்டுமே. லாட்ஜ்காரர்கள் ரேஷன் கார்டு கேட்டார்கள். ரேஷன் கார்டை மடியில் கட்டிக்கொண்டு எவன் வெளியூர் போகிறான் என்று யாரும் யோசிக்கவில்லை. நான் மேனேஜராக இருந்த ஜவுளிக்கடையில், முதலாளி திருஷ்டிப் பூசணிக்காயை ஒன்றுக்கு இரண்டாக்கினார்.

பூசணிக்காய் போதாது, திட்டம் வேண்டும் என்று சொன்னவன் நான்தான். நான் எம்.ஏ. ஆங்கிலம் படித்தவன். கொஞ்ச காலம் டுட்டோரியலில் பாடம் நடத்திவிட்டு ஜவுளிக்கு வந்தேன். அதனால் முதலாளி என்னைக் கடைசிவரை "வாத்தியாரே" என்றுதான் கூப்பிட்டார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை. ஆங்கிலப் பத்திரிகைகளைப் படித்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதினேன், அதுவும் ஆங்கிலத்தில். கடையில் அதைப் படிக்கக்கூடியவன் நான் ஒருவன். முதலாளி அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"வாத்தியாரே, குண்டு வைக்க வர்றவன்கிட்ட இதக் காட்டினா போயிருவானா?"

"இது நம்ம ஆட்களுக்கு மொதலாளி. ஆபத்து வந்தா என்ன செய்யணும்னு."

"ஓடணும். அதுக்கு இம்புட்டுப் பேப்பரா?"

திட்டத்தில் எல்லாம் இருந்தது. கூட்டம் மிரளாமல் இருக்க ஒரு ரகசிய வாக்கியம் வைத்திருந்தேன். சந்தேகமான பொருள் கண்ணில் பட்டால், மைக்கில் இருக்கும் பெண் "பட்டுப் பிரிவுக்குக் குடிதண்ணீர் தேவை" என்று அறிவிக்க வேண்டும். உடனே ஊழியர்கள் வாடிக்கையாளர்களை அமைதியாக வெளியே அழைத்துச் செல்வார்கள். எல்லா வாசல்களையும் படமாக வரைந்திருந்தேன். பின்வாசலில் தீபாவளிச் சரக்கு கூரை வரை அடுக்கியிருந்ததை மட்டும் படத்தில் காட்டவில்லை.

சந்தேகத்துக்கு இடமான நபர்கள் என்றும் ஒரு பத்தி எழுதியிருந்தேன். வாசல் காவலாளிக்கு அதைத் தமிழில் சொன்னபோது அவன் கேட்டான்: "சந்தேகப்படுற ஆளுன்னா எப்படி சார் இருப்பான்?" நான், "பார்த்தாலே தெரியும்" என்றேன். அவன் தலையாட்டினான். அன்று மாலையிலிருந்து தாடி வைத்தவர்களையும் புர்கா போட்டவர்களையும் மட்டும் நிறுத்திச் சோதித்தான். நான் அப்படி எழுதவில்லை என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுதவில்லைதான். எழுதாமலே புரியவைக்கத்தானே அவ்வளவு படித்திருந்தேன்.

முதலில் சோதனைக்கு நின்றது எங்கள் கடையின் ராவுத்தர்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாசலுக்கு உள்ளே இடதுபக்கம் ஒரு பை மேடை இருந்தது. செம்பட்டி, கன்னிவாடிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் முதலில் எங்கள் கடைக்கு வந்து பைகளை அங்கே இறக்கிவைப்பார்கள். "ராவுத்தரே, செத்த நேரம் பாத்துக்கங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி, விதைக்கடை, சினிமா என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டுச் சாயங்காலம் வருவார்கள். பை இங்கே இருப்பதால் துணியும் இங்கேதான் எடுப்பார்கள். விளம்பரம் செய்யாத எங்கள் கடைக்கு அந்த மேடைதான் விளம்பரம். ராவுத்தர் டோக்கன் கொடுப்பதில்லை. பையைத் திறப்பதும் இல்லை. "குடுத்தவுக மானம் உள்ள இருக்கு சார்" என்பார். ஆனால் வாய் சும்மா இருக்காது. அய்யலூர்ச் சந்தையில் வாங்கிய ஆட்டுக்குட்டியை ஒருவர் மேடையில் கட்டப் போனபோது, "ஏப்பு, இது பையா? ஜிப்பு எங்க இருக்கு?" என்று கேட்டவர், கடைசியில் அதற்கு அகத்திக்கீரை வாங்கிப் போட்டார்.

காவலாளி அவரை நிறுத்தியபோது கையை உயர்த்தி நின்றார்.

"ஏலே, காலையில எங்காசுல டீ குடிச்சவன்தானடா நீ?"

"மேனேஜர் ரூலு ராவுத்தரே."

"சரி பாரு. கிச்சுக்கிச்சு மூட்டாம பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் என் கண்ணாடி அறைக்குள் இருந்தபடி சிரித்தேன்.

தீபாவளி நெருங்கியது. திட்டம் எழுதினால் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று நான் படித்திருந்தேன். மதுரையிலிருந்து ஒரு பாதுகாப்பு ஆலோசகரை வரவழைத்தேன். சீருடை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மீசை மட்டும் இன்னும் பணியில் இருந்தது. "எதிரி மாதிரி யோசிக்கணும் சார்" என்றார். எதிரி மாதிரி யோசித்து ஒரு கறுப்புப் பை தயாரித்தோம். உள்ளே ஒரு செங்கல், சுவர்க் கடிகாரத்தின் இயந்திரம், சிவப்பும் நீலமுமாக ஒயர்கள். ஆலோசகரின் உதவியாளர், நெட்டையான மனிதர், கட்டம் போட்ட சட்டை. அவர் பையைச் சேலைப் பிரிவில் வைத்துவிட்டு என் அறைக்கு வந்துவிட வேண்டும். ஊழியர்கள் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்ப்பது. விஷயம் தெரிந்தவர்கள் முதலாளி, நான், அந்த இருவர். கடையில் கூட்டம் முழங்கை இடிக்கும் நேரம். கூட்டம் இருந்தால்தான் சோதனை நிஜமாக இருக்கும் என்றார் ஆலோசகர். அதையும் ஒத்துக்கொண்டேன்.

நெட்டை மனிதர் பையை வைத்துவிட்டு வந்து என் அறையில் பப்ஸ் தின்றார். நாங்கள் காத்திருந்தோம். சிறிது நேரத்தில் மைக் கரகரத்தது. "வந்துவிட்டது, குடிதண்ணீர்" என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சேலைப் பிரிவுல கறுப்புப் பைய மறந்து வச்சிட்டுப் போன அண்ணன், வாசல்ல ராவுத்தர்கிட்ட வந்து வாங்கிக்கங்க."

ராவுத்தர்தான். வேறு ஏதோ வேலையாக உள்ளே போனவர், கேட்பாரற்றுக் கிடந்த பையைப் பார்த்து எடுத்துவந்து மேடையில் வைத்திருந்தார். கூட்டத்தில் மிதிபடாமல் இருக்கத் தன் துண்டை மேலே போட்டு மூடியிருந்தார். அறிவிப்பு மறுபடி வந்தது. மறுபடியும் வந்தது. ஆலோசகர் மீசையைத் தடவி, "உங்க கடை சுத்தமா பெயில் சார். குண்டைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டுறாங்க" என்றார்.

பரீட்சையில் தோற்று எனக்குப் பழக்கமில்லை. அடுத்ததை அதுதான் என்னைச் செய்யவைத்தது. வெளியே வந்து ஒரு விற்பனையாளனைக் கூப்பிட்டு, "மேடையில ஒரு கறுப்புப் பை இருக்கு, என்னன்னு தெறந்து பாரு" என்றேன். ராவுத்தர், "பைய அவுக்காதப்பு, வந்து கேப்பாக" என்று தடுத்தார். விற்பனையாளன் என் முகத்தைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அவன் ஜிப்பை இழுத்தான், ஒயரைப் பார்த்தான், "பாம்!" என்று கத்திக்கொண்டு ஓடினான்.

மைக் பெண் மட்டும் திட்டத்தை மறக்கவில்லை. "பட்டுப் பிரிவுக்குக் குடிதண்ணீர் தேவை" என்று அழுதுகொண்டே அறிவித்தாள். அந்தக் களேபரத்திலும் ஒருவர் தண்ணீர்க் குடத்தோடு மாடி ஏறினார். பின்வாசலுக்கு ஓடியவர்கள் சரக்கு மூட்டைகளில் முட்டித் திரும்பினார்கள். கன்னிவாடிப் பக்கத்து அம்மாள் ஒருவர் படியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். தீபாவளிக் கூட்டத்துக்காகத் தெருவில் நின்ற போலீசார் உள்ளே வந்தார்கள். பை யார் கையில் இருந்தது என்று கேட்டார்கள். எல்லா விரல்களும் ஒரு பக்கமே நீண்டன. பெயரைக் கேட்டார்கள். அவர் சொன்னார். அதற்குப் பிறகு அவர்கள் வேறு யாரையும் எதுவும் கேட்கவில்லை.

நான் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வைத்தது நாங்கள்தான் என்று. முதலாளி என் முழங்கையைப் பிடித்தார்.

"வாத்தியாரே, வாயத் தொறக்காதீக. தீவாளி நேரத்துல நாமளே பொய்க் குண்டு வச்சோம்னா கடைக்கு சீல் வச்சுருவாய்ங்க. ஒங்களையும் சேத்து உள்ள வப்பாய்ங்க."

"ராவுத்தர் மொதலாளி..."

"செங்கல்னு தெரிஞ்சா விட்ருவாய்ங்க. நாளைக்குப் போயி நானே கூட்டிட்டு வாரேன்."

ஆலோசகரும் உதவியாளரும் அதற்குள் மதுரை பஸ்ஸில் ஏறியிருந்தார்கள். ஆபத்து நேரத்தில் அமைதியாக வெளியேறுவது எப்படி என்பதை அந்த இருவர்தான் சரியாகச் செய்துகாட்டினார்கள்.

செங்கல் என்று தெரிந்த பிறகும் விடவில்லை. பொய்க் குண்டை வைக்கச் சொன்னது யார் என்று கேட்டார்களாம். மறுநாள் மதியம் முதலாளியும் நானும் ஸ்டேஷனுக்குப் போய், நல்ல மனிதர், நெடுநாள் வேலையாள் என்று சிபாரிசு செய்து வெளியே அழைத்துவந்தோம். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. "நன்றி மொதலாளி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒங்களுக்கும்தான் சார்" என்றார். அதை நன்றி என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே பாதுகாப்பு காரணமாகப் பை மேடை மூடப்படுகிறது என்று ஓர் உத்தரவு எழுதினேன். மேடை இல்லையென்றால் ராவுத்தருக்கு வேலை இல்லை. கடைக்கு அவரால் கெட்ட பெயர் என்றார் முதலாளி. நான் அதை நாகரிகமான தமிழில் எழுதிக் கொடுத்தேன். செம்பட்டிக்காரர்கள் அதன்பின் பை வைக்க இடம் கொடுத்த வேறு கடைக்குப் போனார்கள். என் திட்டம் பாதுகாத்த கடையில் கூட்டத்தால் எந்த ஆபத்தும் வராத நிலை ஏற்பட்டது.

பல வருடங்கள் ஓடின. முதலாளி காலமானார். அவர் மகன் பொறுப்புக்கு வந்தார், நான் ஓய்வு பெற்றேன். ஏதோ ஒரு பெரிய நகரத்தில் மறுபடியும் குண்டுகள் வெடித்த செய்தி டிவியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு காலை, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடையில் நின்றிருந்தேன். இரண்டு இளைஞர்கள் பேசிக்கொண்டார்கள்.

"வண்டிய எங்கடா விட்ட?"

"எதுத்தாப்ல, பாம் ராவுத்தர் ஸ்டாண்டுல."

"பாத்துடா. எடுக்குறப்ப சீட்டைத் தூக்கிப் பாத்துட்டு எடு. டிக் டிக்னு சத்தம் வரப்போகுது."

சிரித்தார்கள். நான் எதிர்ப்பக்கம் பார்த்தேன். சைக்கிள் ஸ்டாண்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தாடி நரைத்திருந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் தெருவைக் கடந்தேன்.

"சார், வாங்க. வண்டியில்லாம வந்திருக்கீக."

"ராவுத்தரே, அந்தப் பையை வச்சது நாங்கதான். நான்தான்."

அவர் ஒரு மொபெட்டை நகர்த்தி நேராக நிறுத்திவிட்டு வந்தார்.

"தெரியும் சார். ஒரு நெட்டை ஆளு பைய வச்சிட்டு நடந்ததப் பாத்தேன். மைக்குல சொல்லிட்டு வாரப்ப, அவரு ஒங்க ரூமுல பப்ஸ் தின்னுக்கிட்டு இருந்தாரு. மறந்த பைய ஒங்ககிட்ட கேக்க வந்திருக்காருன்னு நெனச்சேன்."

"அப்ப ஏன் ஸ்டேஷன்ல சொல்லல?"

"சொன்னேனே. படிச்ச மேனேஜர் மேலயே பழி போடுறியான்னு அதுக்குத்தான் கன்னத்துல குடுத்தாக. செங்கல்லுக்கு இல்ல."

நான் மன்னிப்பு என்ற வார்த்தையை எடுத்தேன். அவர் கையை அசைத்து நிறுத்தினார்.

"எங்கிட்ட சொல்லி என்ன சார் ஆகப்போகுது? எனக்குத்தான் தெரியுமே. எம் பேரனை ஸ்கூல்ல டைம்பாம்னு கூப்புடுறாய்ங்க. அவய்ங்களுக்குத் தெரியாதுல்ல? அன்னைக்கு பாம்னு கத்துனது கடைக்குள்ள. அங்க போய்ச் சொல்லுங்க. மைக்கு இன்னும் இருக்கு."

எப்படியோ ஒரு தைரியம் வந்தது. அன்றே கடைக்குப் போனேன். வாசலில் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் வளைவு ஒன்று புதிதாக நின்றது. நான் நுழைந்ததும் அது அலறியது. காவலாளி என் வேட்டியையும் நெற்றியையும் பார்த்துவிட்டு, "நீங்க போங்கய்யா" என்றான். சந்தேக நபர்கள் பற்றிய என் பத்தியை அவன் படித்திருக்கவே மாட்டான். ஆனாலும் அது அவனுக்கு மனப்பாடம்.

மைக் முன்னால் புதுப் பெண் ஒருத்தி இருந்தாள்.

"என்ன தாத்தா, பேரனைத் தொலைச்சிட்டீங்களா?"

"இல்லம்மா. ஒரு கறுப்புப் பை பத்திச் சொல்லணும்."

"சொல்லுங்க, அறிவிச்சிரலாம். எப்ப வச்சீங்க?"

"கோயம்புத்தூர்ல குண்டு வெடிச்ச வருஷம். அதுல பாம் மாதிரி செஞ்சு வச்சது நான்தான். வேற யாருமில்ல. அத மட்டும் சொல்லிரும்மா."

அவள் முகம் மாறியது. மெதுவாகக் கை காட்டிக் காவலாளியை அழைத்தாள். அவன் என் தோளைப் பக்குவமாக அணைத்து வாசல் வரை கூட்டிவந்தான். "வீட்டு அட்ரஸ் ஞாபகம் இருக்காய்யா? கூட யாரும் வரலியா?" என்று கேட்டான். குண்டு வைத்தேன் என்று வாய்விட்டுச் சொல்லியும் என்னை யாரும் சந்தேகப்படவில்லை. வளைவு இன்னொரு முறை அலறியது.

திரும்பி வரும்போது ராவுத்தர் ஸ்டூலில் இருந்தபடியே கேட்டார்.

"சொல்லிட்டீகளா?"

"சொன்னேன். நம்பல."

"எனக்கும் அன்னைக்கு அப்படித்தான் சார் ஆச்சு." உள்ளே வந்த ஒரு சைக்கிளுக்குக் கையால் இடம் காட்டினார். "நாளைக்கு ஒருக்கா போயிட்டு வாங்க."

மறுநாள் நான் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. வெயில், முழங்கால், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் இருந்தது. போகாததற்கு ஈடாகத்தான் இதை எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்க்கையில், கடையின் பெயரையோ என் பெயரையோ எங்குமே எழுதவில்லை என்பது தெரிகிறது.