அண்ணன் வீட்டு முகவரி

"புதன்கிழமை. லேப் அக்கா பெயருக்குச் சிதம்பரம் அண்ணன் வீட்டுக்கு வந்த ஸ்பீட் போஸ்ட், அப்படி யாரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டது. தகவல்: அண்ணி, தொலைபேசியில், ஞாயிறு காலை." என் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான். மழை தொடங்கிய நேரத்தையும் பேருந்து கிளம்பிய நேரத்தையும்கூடக் குறித்துவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அந்தக் கடிதம் திரும்பிப் போனதற்கு யார் காரணம் என்பதை மட்டும் அன்று எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

கடலூரில் நான் எழுத்தராக இருந்த பள்ளியில் அவர் வேதியியல் ஆய்வக உதவியாளர். பிள்ளைகள் லேப் அக்கா என்பார்கள், நாங்களும் அப்படியே. தற்காலிக வேலை, கோடையில் நின்று ஜூனில் தொடரும். அமிலப் புட்டிகளில் அவர் எழுதி ஒட்டிய சீட்டுகள் என் பதிவேடுகளைவிடச் சுத்தமாக இருக்கும். குடியிருந்தது செம்மங்குப்பம் போகும் வழியில் உள்ள குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில், சி பிளாக், மூன்றாம் மாடி. குடி, திருட்டு, அடிதடி என்று அந்த இடத்தைப் பற்றி ஆசிரியர் அறையில் பேசாத பேச்சில்லை. பேசியவர்களில் ஒருவர்கூட அங்கே போனதில்லை. ஒருமுறை கண்ணாடிக் குடுவை ஒன்று காணாமல் போனது. முதலில் திறந்து பார்க்கப்பட்டது அவருடைய சாப்பாட்டுப் பை. இரண்டு நாள் கழித்துக் குடுவை தலைமையாசிரியர் அறை ஜன்னலில் மணி பிளான்ட் செடியோடு கிடைத்தது. அதைக் கழுவி எடுத்துவைத்தவரும் அவர்தான். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும்.

சிதம்பரத்துப் பள்ளி ஒன்றில் நிரந்தர இடம் காலி என்று விளம்பரம் வந்தது. வயது வரம்பின்படி அவருக்கு அதுவே கடைசி வாய்ப்பு. நிரப்பிய விண்ணப்பத்தோடு என் மேஜை முன் நின்றார். முகவரிக் கட்டம் மட்டும் காலி.

"இதுக்கு முன்னாடி ரெண்டு எடத்துக்குப் போனேன் சார். நல்லாத்தான் பேசிக்கினு இருந்தாங்க. சி பிளாக்குனு பாத்ததும் பேனாவ மூடி வச்சிட்டாங்க. எங்க பிளாக்கு என்னா ஒட்டுவாரொட்டியா?" என்று சிரித்தார்.

"எங்க அண்ணன் வீட்டு அட்ரஸ போடுங்கம்மா. சிதம்பரத்துலயே இருக்கு. உள்ளூர்க்காரங்கன்னு நெனச்சிப்பாங்க."

"அவுங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"நான் சொல்லிக்கிறேன்."

சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன், அது பொய். யார் அந்தப் பெண், எங்கே குடியிருக்கிறாள் என்று அண்ணி கேட்பார். வாரியக் குடியிருப்பு என்று அவரிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்த இரண்டு ஞாயிறும் தொலைபேசியில் பேசினேன். இரண்டு முறையும் வீராணம் ஏரி நிரம்பியதைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு அண்ணியே சொன்னார்: "புதன்கெழம யாரோ ஒரு பொம்பள பேருக்கு நம்ம வீட்டு நம்பர் போட்டு லெட்டர் வந்துச்சு தம்பி. ஆள் இல்லன்னு அனுப்பிட்டேன். கண்டதுக்கும் கையெழுத்து போடக் கூடாதாமே."

திங்கள் காலை முதல் பேருந்தில் அந்தச் சிதம்பரம் பள்ளிக்குப் போனேன். நேர்காணல் வெள்ளிக்கிழமையே முடிந்து, ஆளும் எடுத்தாகிவிட்டது. திரும்பி வந்த நேர்காணல் அழைப்பு உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தார்கள். "முகவரியே பொய்யின்னா நாங்க என்ன சார் பண்றது?" என்றார் அங்கிருந்த எழுத்தர். என்னைப் போலவே ஒரு எழுத்தர்.

அன்று மாலைதான் சி பிளாக்கை முதன்முதலாகப் பார்த்தேன். படிக்கட்டுக்குக் கீழே இஸ்திரி போடும் பெரியவர் ஒருவர். தபால்காரர் மாடி ஏறுவதில்லை. கடிதங்களை அவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். "ரெண்டாவது மாடி! உனக்கு பேங்க்காரன் லவ் லெட்டர் போட்டிருக்கான், வந்து வாங்கு!" என்று அவர் கத்த, மேலிருந்து கயிற்றில் ஒயர் கூடை ஒன்று ஆடிக்கொண்டே இறங்கியது. "எவ்ளோ வருசமா குடுக்கிறேன், ஒரு லெட்டரு தொலைஞ்சதில்ல சார். பேரு தப்பா வந்தாலும் ஆள் கைக்குப் போயிடும்" என்றார். லேப் அக்கா தன் முகவரியையே எழுதியிருந்தால் அந்தக் கடிதம் இப்படியொரு கூடையில் ஏறியிருக்கும்.

மூன்றாம் மாடியில் லேப் அக்கா டீ கொடுத்தார். கடிதம் வந்து திரும்பிவிட்டது, தபால்காரர் சரியாக விசாரிக்கவில்லை என்றேன். அவர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"பரவால்ல சார். டீ ஆறுது, குடிங்க."

அந்த ஜூனில் பள்ளி அவரைத் திரும்ப எடுக்கவில்லை. சி பிளாக்கில் விசாரித்தேன். வீட்டைக் காலி செய்துவிட்டார் என்றார்கள். கைபேசி எண்ணும் மாறிவிட்டது.

அடுத்த பொங்கலுக்குச் சிதம்பரம் போனபோது அண்ணி பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்த லெட்டர் வந்த மறுநாளு ஒருத்தி கேட்டாண்ட வந்து நின்னா தம்பி. 'எதுனா லெட்டரு வந்துச்சாங்க'ன்னா. உனக்கு எதுக்கும்மா எங்க வீட்டுக்கு லெட்டர் வரப்போவுதுன்னேன். பேசாம போயிட்டா."

ஊர் திரும்பியதும் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த வியாழக்கிழமை பிற்பகல் லேப் அக்காவுக்கு அரை நாள் விடுப்பு. காரணம் எழுதப்படவில்லை. அவர்தான் போனார் என்றால், தபால்காரர் மேல் நான் பழி போட்டபோது, நான் அண்ணியிடம் சொல்லவே இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கேட்டருகே வந்து நின்றது அவர்தானா என்பதை நான் இதுவரை உறுதிசெய்யவில்லை.