நடுவில் அறுத்த பலகை

மார்ச் 4: ஏற்றியது 200 பலகை. வெடித்தது 61.
ஏப்ரல் 2: ஏற்றியது 200. வெடித்தது 74.
மே 1: ஏற்றியது 200. வெடித்தது 88.

மரம் அறுக்கும் மில்லில் ஈரப்பதப் பதிவேடு எழுதுவது என் வேலை. பலகைகளைச் சூட்டில் உலர்த்தும் அறை என் மருமகளின் பொறுப்பு. பதினொரு வருடமாக அவளை எல்லோரும் பாய்லர் அக்கா என்றே அழைத்தார்கள்.

படிக்கட்டு செய்யும் கம்பெனி மூன்றாம் முறையும் சரக்கைத் திருப்பி அனுப்பியது. வெளியே வழவழப்பாக இருந்த பலகைகள் உள்ளே தேன்கூடாகப் பிளந்திருந்தன.

"மாமனார் எழுதுறாரு, மருமக கிழிக்கிறா!" என்றார் முதலாளி. "அடுத்த லோடும் வெடிச்சா நீ வேற வேலை பாத்துக்கம்மா."

ஜூன் 3 அன்று நான்காவது லோடு ஏறியது. ஏழாம் நாள் மேஸ்திரி வழக்கம்போல ஒரு பலகையின் முனையில் துண்டு அறுத்துத் தந்தார். எடை போட்டு, முழுக்கக் காயவைத்து, மறுபடி எடை போட்டேன். ஈரம் 14 சதவீதம்.

"காஞ்சாச்சு. சூட்டை ஏத்து" என்றார் மேஸ்திரி என் மருமகளிடம்.

அவள் அசையவில்லை. "முனைதானே அண்ணே முதல்ல காயும்? நடுவுல அறுத்துப் பாப்போம்."

"நல்ல பலகைய நடுவுல அறுக்கறதா? கிறுக்கா உனக்கு?"

அவளே ரம்பத்தை எடுத்து அறுத்தாள். மறுநாள் கணக்குப் போட்டேன்: 33! திரும்பப் போட்டேன்: 33! முனையை நம்பி, உள்ளே ஈரம் இருக்கும்போதே மூன்று லோடுகளையும் வாட்டி எடுத்திருக்கிறோம் என்று கத்தியே விட்டேன்!

"மெதுவா மாமா, தெருவுக்கே கேக்குது," என்று சிரித்தாள்.

அன்றே சூட்டைக் குறைத்தாள். நீராவி விட்டு, இறுகிப்போன மேற்புறத்தை இளக்கினாள். அதன்பின் நடுத்துண்டில் ஈரம் குறையக் குறையத்தான் சூடு ஏறியது.

"மரத்தைக் காய வைக்கறியா, தாலாட்டு பாடறியா?" என்று முதலாளி தினமும் வந்து கத்தினார்.

முப்பத்தேழாம் நாள் கதவைத் திறந்தோம். ஒன்பது பலகை என் தராசுக்குத் தீனியானது போக, 191 அதே கம்பெனிக்குப் போயின.

"இழைத்துப் பார்த்தோம். வெடித்தது மூன்று. அடுத்த ஆயிரத்தையும் இதே ஆள் உலர்த்தட்டும்" என்று கம்பெனி எழுதியிருந்தது. முதலாளியே அதை இரண்டு முறை உரக்க வாசித்தார்.

கடிதம் வந்த தேதி: ஜூலை 29.