கப்பல் தலைவியின் அண்ணன்

எங்கள் வீட்டில் டொச், அதாவது ஜெர்மன் மொழி, தெரிந்த ஆள் நான்தான். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் தலை கொஞ்சம் நிமிரும், என்ன செய்வது! ஏழு வயதிலேயே விசா அலுவலகத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில், மேசைக்கு மேலே கண் மட்டும் தெரிய நின்று அலுவலரோடு கதைத்தவள். பல் வைத்தியர், வீட்டுக்காரரின் கடிதம், தபாற்கந்தோர் எல்லாம் என் வாய் வழியாகத்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தன. ஒருமுறை பெற்றோர் சந்திப்பில் என் வகுப்பு ஆசிரியை, நான் பாட நேரத்தில் ஓயாமல் அலட்டுகிறேன் என்று முறையிட்டார். "நான் நல்லாக் கதைக்கிறனாம் அம்மா" என்று மொழிபெயர்த்தேன். அம்மா "அப்பிடியோ" என்று சொல்லி ஆசிரியையைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார்.

நாங்கள் சுவிஸில் பீல் என்ற நகரத்தில் இருந்தோம். அப்பா தினமும் பேர்ணுக்குப் போய் ஒரு உணவகச் சமையலறையில் வேலை செய்தார். அம்மாவுக்கு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை. கண்ணில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைமணிக்கூடுகளுக்கு முள்ளுப் பூட்டுவார். கீழ்வீட்டில் ஒரு மாமி இருந்தார். சொந்த மாமி இல்லை, ஆனால் சொந்த மாமியை விட அதிகம் எங்கள் வீட்டுச் சோபாவில் இருந்தவர்.

அந்தக் காலத்தில் தொலைக்காட்சியில் ஒரு விண்வெளித் தொடர் போனது. பூமி பழுதாகிப் போய், மிச்சமிருந்த சனத்தை ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய கப்பல் வேறு கிரகம் தேடி அலைகிறது. ஒவ்வொரு கிரகமாகப் போய்க் கேட்பார்கள், எங்கேயும் இறங்க விடமாட்டார்கள். அம்மாவுக்கும் மாமிக்கும் அதில் என்ன பிடித்தது என்று விளக்கத் தேவையில்லை. ஒரு கிரகத்து அதிகாரி, பத்திரங்கள் சரியில்லை, காத்திருங்கள் என்று சொன்னபோது மாமி சோபாவை விட்டு எழும்பியே விட்டார். "உங்கையுமோ!" என்று கேட்டார். தொடருக்கு நீளமான டொச் பெயர் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "கப்பல்".

கப்பலின் தலைவி ஒரு பெண். மாமி அவவை "கப்டன் பிள்ளை" என்பார். அவவோடு எப்போதும் ஒரு பைலட் நிற்பார். நடுவில் இருந்து மொழிபெயர்க்கிறவள் நான். யாராவது வாயைத் திறந்தால் போதும், அம்மா என் பக்கம் திரும்பி "என்னவாம்?" என்பார். நான் சொல்லுவேன். கப்பல் இயந்திரம் பற்றி விஞ்ஞானிகள் கதைக்கிற கட்டங்களில் எனக்கே ஒன்றும் விளங்காது. ஆனாலும் தெரியாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. "இஞ்சின் சூடாப்போச்சாம், தண்ணி ஊத்தோணுமாம்" என்று சொல்லிவிடுவேன். சின்ன வயதில் எனக்கு இருந்த எடுப்பைக் கேட்க வேண்டாம்.

என் சீவியத்தின் பெரிய பொய்யை நான் சொன்னது இந்த எடுப்பினால் அல்ல, வெட்கத்தினால். முதல் வருஷத் தொடரில் ஒரு கட்டம். பைலட் ஒரு ஆபத்தான வேலைக்குப் புறப்படுகிறார். கப்பல் தலைவியைக் கட்டிப்பிடித்து, அவவின் முகத்தைக் கையில் ஏந்தி, மூன்றே மூன்று சொல் சொல்கிறார். அந்த மூன்று சொல்லும் சுவிஸில் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். அறையில் அப்பா இருக்கிறார், மாமி இருக்கிறார். "என்னவாம்?" என்கிறார் அம்மா. காதல் என்ற சொல்லை அப்பாவுக்கு முன்னால் எட்டு வயதில் எப்படிச் சொல்வது? டொச்சில் ஆயிரம் தரம் சொல்லலாம். தமிழில் அது வாயை விட்டு வராது. நான் முழுசினேன். பிறகு சொன்னேன்: "நான் உன்ரை அண்ணை, உன்னை விட்டிட்டு எங்கையும் போகமாட்டன் எண்டு சொல்லுறார்."

மாமி கண்ணைத் துடைத்தார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்ல பெடியன்" என்றார். எனக்கு ஒரே புளுகம், கால் நிலத்தில் படவில்லை. இப்படி ஒரு மொழிபெயர்ப்புக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைத்தால் எவளுக்குத்தான் மனம் வரும் அதைத் திருத்த?

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அந்த அண்ணனையும் தங்கச்சியையும் நான் கட்டிக் காத்தேன். அவர்கள் கொஞ்சுகிற கட்டம் வந்தால், "வெள்ளைக்காரர் எல்லாரும் அப்பிடித்தான் மாமி, இஞ்சை சந்திச்சால் மூண்டு தரம் கன்னத்திலை கொஞ்சுறேல்லையே" என்பேன். அவர்கள் சண்டை பிடித்தால் சீதனக் காணிச் சண்டை. கோபித்துக்கொண்டு பைலட் இன்னொரு பெண்ணோடு போனபோது தங்கச்சிக்கு அண்ணியைப் பிடிக்கவில்லை என்றேன். மாமிக்கு இதெல்லாம் சரியாகப் பொருந்தியது. அவவுக்கும் அண்ணியைப் பிடிக்காது.

பிறகுதான் அந்த அறிவித்தல் வந்தது. நாலாம் வருஷத்தோடு தொடர் முடியப்போகிறது, வசந்தகாலத்தில் கடைசிப் பாகம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விசர் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. எல்லாரும் முதல் பாகத்திலிருந்து திரும்பப் பார்க்கத் தொடங்கினார்கள். பீலில் பாதிப்பேர் பிரெஞ்சுக்காரர், பாதிப்பேர் டொச்சுக்காரர். எந்த மொழியில் பைலட்டின் குரல் திறம் என்று இடைவேளையில் அடிபிடி நடந்தது. நூலகத்தில் அந்த டிவிடிப் பெட்டிகளுக்குப் பெயர் பதிந்து வரிசையில் காத்திருக்க வேண்டும்.

நான் அந்த வரிசையில் பெயர் பதியவில்லை. அம்மா பதிந்தார். எப்படிப் பதிந்தார் என்று நான் யோசிக்கவே இல்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெட்டியோடு வந்து, "முடியிறதுக்கிடையிலை ஒருக்கா முழுக்கப் பாப்பம்" என்றார்.

ஐயோ, அந்தச் சனிக்கிழமைகள்! மூன்று வருஷத்துக்கு முன் நான் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. மாமிக்கு எல்லாம் ஞாபகம். "அண்டைக்கு இவர் டொக்டர் எண்டனி, இண்டைக்கு வாத்தியார் எண்டுறாய்?" என்பார். "ரெண்டும்தான் மாமி, கப்பலிலை ஆள் காணாது" என்பேன். அவர் ஒரு வடையைக் கடித்தபடி அதை ஏற்றுக்கொள்வார். நான் வியர்த்துப்போய் இருப்பேன்.

இதையெல்லாம் சமாளித்திருப்பேன். ஆனால் ஒருநாள் காலை பஸ்ஸில் கிடந்த இலவசப் பத்திரிகையில் ஒரு படம் பார்த்தேன். கப்பல் தலைவி வெள்ளை உடுப்பு, பைலட் கோட்டு சூட்டு, கையில் பூங்கொத்து. கடைசிப் பாகத்தில் இரண்டு பேருக்கும் கலியாணம். பஸ்ஸில் இருந்த எல்லாப் பத்திரிகையையும் பொறுக்கி என் இருக்கையில் போட்டு, அதற்கு மேலே குந்திக்கொண்டு போனேன். பீல் நகரத்துப் பத்திரிகை முழுவதற்கும் மேலே குந்த என்னால் முடியாது என்பது இறங்கும்போதுதான் உறைத்தது.

அதே கிழமை பாடன் நகரத்திலிருந்து சித்தப்பா வந்தார். அம்மாவின் தங்கையின் கணவர். தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், டொச் அவருக்குத் தண்ணி பட்ட பாடு, அதைப் பிறர் மறக்காமல் பார்த்துக்கொள்வதும் அவருடைய வேலைதான். தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு, "என்ன மச்சாள், வந்து இவ்வளவு காலமாச்சு, இன்னும் ஒரு சின்னப்பிள்ளையின்ரை வாயைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள்" என்றார்.

அம்மா சிரித்தார். "என்ரை பிள்ளை ஒரு சொல்லும் விடமாட்டாள் தம்பி. வேணுமெண்டால் கடைசிப் பாகத்துக்கு வாங்கோ, இருந்து பாருங்கோ."

சித்தப்பா, வாறன் என்றார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பொய் பிடிபட்டால் நான் வெட்கப்படுவேன் என்பது போகட்டும். அம்மா என்னை நம்பி, என்னைக் காட்டி, அந்த மனுசனுக்கு முன்னால் மார்தட்டியிருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் இருந்து டொச் கேட்கப்போகிறவர் சித்தப்பா. அம்மா தலைகுனிந்து இருக்கிற காட்சியை நினைத்து நினைத்து நான் குளியலறையில் அழுதேன். ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு குசினிக்குப் போனேன். "அம்மா, அந்தக் கப்பல் பிள்ளையும் பைலட்டும் உண்மையிலை…" என்று தொடங்கினேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். "இப்ப சொல்லாதை" என்றார். "ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இருக்கேக்கை சொல்லு." நான் செத்தேன் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஞாயிறு பின்னேரம். அப்பாவுக்கு வேலை. சோபாவில் மாமி, சித்தி, சித்தப்பா. நிலத்தில் நான், எனக்குப் பின்னால் அம்மாவின் முழங்கால். நடுவில் ஒரு பெரிய தட்டில் ரோல்ஸ். கப்பல் கடைசியாக ஒரு கிரகத்தில் இறங்கியது. இறங்க விட்டார்கள்! சனம் புல்லைத் தொட்டுப் பார்த்து அழுதது, மாமி அழுதார், சித்தியும் அழுதார். அதுவரைக்கும் நான் ஒரு சொல் விடவில்லை, சத்தியமாக. சித்தப்பாகூட இரண்டு தரம் தலையாட்டினார். பிறகு வெள்ளை உடுப்பு வந்தது.

"இதென்ன கோலம்?" என்றார் மாமி.

"கலியாணம்" என்றார் சித்தப்பா.

"ஆருக்கு?"

"இவை ரெண்டு பேருக்கும்தான்."

"ஐயோ சிவனே! கூடப்பிறந்ததுகளெல்லோ!" மாமி நெஞ்சில் கையை வைத்தார்.

சித்தப்பா சிரிக்கத் தொடங்கினார். "ஆர் உங்களுக்கு அப்பிடிச் சொன்னது?" கேட்டுக்கொண்டே அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். எல்லாரும் திரும்பினார்கள்.

"பொறுங்கோ தம்பி" என்றார் அம்மா. "பிள்ளை இன்னும் சொல்லி முடிக்கேல்லை." பிறகு குனிந்து, வழமையான குரலில் என்னைக் கேட்டார். "என்னவாம்?"

எங்கிருந்து வந்தது என்று தெரியாது, வந்தது. நான் சொன்னேன்: "அவர் உண்மையிலை அண்ணை இல்லையாம். பூமியிலை கப்பல் வெளிக்கிடேக்கை, தாய் தேப்பன் இல்லாத பெடியளை ஏத்தமாட்டம் எண்டு பதியிற இடத்திலை சொல்லிப்போட்டினமாம். அதாலை கப்டன் பிள்ளையின்ரை அப்பா அவரைத் தன்ரை மகன் எண்டு பதிஞ்சு ஏத்தினவராம். கடதாசியிலை அண்ணை தங்கச்சி எண்டு இருக்கு, மாத்தினால் இறக்கி விட்டிடுவினம் எண்டு இவ்வளவு காலமும் பயந்து இருந்தவையாம். இப்ப நிலத்திலை இறங்கியாச்சு. இனிச் சொந்தப் பேரிலை பதியலாமாம்."

தொலைக்காட்சியில் யாரோ கைதட்டினார்கள்.

"பாவங்கள்" என்றார் மாமி. "எத்தினை வருஷம் மனசுக்கை வைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்குதுகள்." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். சித்தி சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா வாயைத் திறந்தார். அம்மா தட்டை எடுத்து அவருக்கு முன்னால் நீட்டினார். "சாப்பிடுங்கோ தம்பி, ஆறப்போகுது." சித்தப்பா ஒரு ரோல்ஸை எடுத்து, கடிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஓம், பிள்ளை சொல்லுறது சரிதான்" என்றார்.

ஆகா, அன்று நான் படுக்கப்போன நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! சித்தப்பாவின் டொச்சையே வென்றவள் நான். அம்மாவின் மானத்தைக் காப்பாற்றியவள் நான். பதினொரு வயதில் இதைவிடப் பெரிய வெற்றி யாருக்குக் கிடைத்திருக்கும்?

சித்தப்பா ஏன் ஒத்துக்கொண்டார் என்பது எனக்குப் பதினாறு வயதில் தெரிந்தது. அவர் இந்த நாட்டுக்கு வந்த கடதாசியில் வேறு யாரோ ஒருவரின் தம்பி. அந்தக் கதையைப் பெரியவர்கள் நான் சின்னவளாக இருந்தபோதே எங்கள் வீட்டில் குரலைத் தாழ்த்திக் கதைத்திருக்கிறார்கள். குரலைத் தாழ்த்தினால் மேசைக்குக் கீழே விளையாடுகிற பிள்ளைக்கு, விளங்காவிட்டாலும், இன்னும் நன்றாகக் கேட்கும்.

அம்மாவின் விஷயம் தெரியவர இன்னும் கனகாலம் எடுத்தது. நான் இப்போது மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளர். ஒரு சொல் கூட்டமாட்டேன், ஒரு சொல் குறைக்கமாட்டேன் என்று கையெழுத்து வைத்திருக்கிறேன், அப்படியே நடக்கிறேன். போன வருஷம் அம்மா ஓய்வு பெற்றபோது தொழிற்சாலையில் ஒரு சின்ன விருந்து வைத்தார்கள். அம்மாவின் மேசையில் எதிரே இருபது வருஷம் வேலை செய்த ஒரு இத்தாலியப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "நீதானா அந்த மகள்!" என்றார். உன் அம்மா டொச்சைப் பிழை பிழையாகக் கதைப்பாள், ஆனால் வாய் ஓயாது என்றார். கப்பல் தொடர் போன காலத்தில் திங்கட்கிழமை தோறும் ஒன்பது மணி ஓய்வுக்கு அவள் இரண்டு கதை கொண்டுவருவாளாம். ஒன்று தொலைக்காட்சியில் போனது, மற்றது மகள் சொன்னதாம். "நாங்கள் உன்னுடையதைத்தான் முதலில் கேட்போம். அந்தச் சீதனச் சண்டைக்கு மேசை முழுக்கச் சிரித்தோம். உன் அம்மாவுக்கு உன்னில் எவ்வளவு பெருமை தெரியுமா!"

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கேக் வெட்டிக்கொண்டு, யாரையோ டொச்சில் பகிடி பண்ணிக்கொண்டிருந்தார்.

எட்டு வயதிலிருந்து பதினொரு வயது வரைக்கும், ஒவ்வொரு கட்டத்திலும் அவர் என் பக்கம் திரும்பி "என்னவாம்?" என்று கேட்டிருக்கிறார். படத்தில் என்ன சொன்னார்கள் என்று அவருக்குத் தெரியும். நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்பதுதான் அவருக்குத் தெரியாமல் இருந்தது.